வேதமுத்துவின் மூத்த மகள்

அருப்புக்கோட்டை
14-5-1973

அன்புள்ள ரோஸி அக்காவுக்கு,

சனிக்கிழமை நான் சொல்லாமல் விட்டது "அது நான்தான்" என்ற இரண்டே வார்த்தைகள். சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

சுகம் விசாரிக்காமலே தொடங்கிவிட்டேன். அப்பா, அம்மா, நான் மூவரும் தேவ தயவால் நலம். அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அது கோபம், நோயில் சேராது. உனக்கு இரவு டியூட்டியால் வந்த கால் வீக்கம் வடிந்துவிட்டதா?

காரியாபட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் தாவீதுராஜ், மாட்டாஸ்பத்திரியில் வேலை. அவருடைய அம்மா பாக்கியத்தாய் நம் வாசலில் சற்று ஒருக்களித்துத்தான் நுழைந்தார். நல்ல கனம். என் போட்டோவை நம் சபை உபதேசியார் மூலம் முன்னதாகவே அனுப்பியிருந்தார் அப்பா. அங்கேதான் வினை. அவர் அனுப்பியது நான் டீச்சர் டிரெயினிங் முடித்தபோது ஸ்டுடியோவில் எடுத்த படம். 1970-இல் அப்பா எடை போடும் நூல் கடைத் தராசில் நான் தொண்ணூற்றேழு கிலோ. இப்போது ஐம்பத்தாறு. நீ என்னைப் பார்த்து நான்கு வருடம் ஆகிறது, அதனால் எண்ணில் சொல்கிறேன். திருச்சுழியில் தங்கி, பஸ் இல்லாத ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான்கு மைல் போய் நான்கு மைல் வருகிறேன். தங்கியிருக்கும் முத்துப்பேச்சி வீட்டில் இரவு கேப்பைக் களி, காலையில் அதே களியைக் கரைத்த கூழ். மூன்று வருடத்தில் பாதி ஆள் போய்விட்டது. புதுப் படம் எடுக்கலாமே என்றால், பழையதில்தான் நான் ஆளாகத் தெரிகிறேன் என்கிறார் அப்பா.

காபியை நான்தான் கொண்டுபோனேன். பாக்கியத்தாய் அம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டு, "நீ எளையவளா தாயி? அக்காள வரச் சொல்லு" என்றார்.

எனக்கு ஒரே மகள்தான் என்றார் அப்பா. பெரியம்மா மகளான உன்னை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அம்மாள் பையிலிருந்து போட்டோவை எடுத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, நாங்க மூத்தவளப் பாக்கத்தான் வந்தோம். அவளுக்கு என்ன கொறன்னு உள்ள மறைக்கிறீக? கொற இருந்தாலும் பரவால்ல, கூப்பிடுங்க."

எடை குறைந்த கதையை அப்பா சொன்னார். அந்த அம்மாள் நம்பவில்லை. "நாப்பது கிலோவா? அம்புட்டும் எங்க போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். மூத்தவளைக் காட்டச் சம்மதமானால் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

இன்னொன்று. எங்கள் பள்ளியில் சரஸ்வதி டீச்சர் என்று ஒருவர். அவரும் நிறைய மெலிந்துவிட்டார், தோல் மட்டும் மெலியவில்லை. அதற்கு உங்கள் ஆஸ்பத்திரியில் ஏதாவது வைத்தியம் உண்டா என்று கேட்கச் சொன்னார்.

பெரியம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

உன் தங்கை,
இன்பராணி


மெட்ராஸ்
26-5-1973

அன்புத் தங்கை இன்பாவுக்கு,

கால் வீக்கம் வடிந்தது. உன் கடிதத்தை வாசித்து விலாதான் வலிக்கிறது. நர்சுகள் விடுதியில் ஆறு பேருக்கு வாசித்துக் காட்டினேன், மன்னித்துக்கொள்.

சரஸ்வதி டீச்சருக்கு வைத்தியம் உண்டு. பிளாஸ்டிக் சர்ஜரி என்று இங்கே தனி வார்டே இருக்கிறது. தீக்காயம் பட்டவர்களும் உதடு பிளந்து பிறந்த குழந்தைகளும்தான் அதிகம். மிஞ்சிய தோலை வெட்டி இழுத்துத் தைப்பதும் செய்கிறார்கள். டீச்சரிடம் சில கேள்விகள் கேட்டு எழுது. மடிப்புக்குள் புண் வருகிறதா? நடக்கும்போது வயிற்றில் என்ன கட்டிக்கொள்கிறார்? முழங்கை வரை ரவிக்கை போடுகிறாரா? தன் பெயரில் கேட்க வெட்கப்பட்டு வேறொரு டீச்சர் பெயரில் கேட்கும் பழக்கம் எத்தனை நாளாக?

ஊரார் சேலையின் கரையைக்கூட விடாமல் எழுதுகிறவள் நீ. அன்று என்ன உடுத்தியிருந்தாய் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். மறைக்காமல் எழுது.

ரோஸி


திருச்சுழி
17-6-1973

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சரஸ்வதி டீச்சர் பூரண சுகம். அவர் பிறந்ததிலிருந்தே ஒல்லி.

புண் வருகிறது. சித்திரை வெயிலில் ஆரம்பித்து ஆவணி வரை விடாது. காலையில் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டுதான் நடக்கிறேன். பஞ்சை உதறி எடுத்த பிறகு தாட்டுச் சாக்கு எப்படிக் கிடக்கும், அப்படி இருக்கிறது வயிறு. கைகளை மறைக்க முழுக்கை ரவிக்கை. அதைப் பார்த்துவிட்டு ஹெட்மாஸ்டர் சீனிச்சாமி, எங்கள் சபையிலேயே நான் மிகவும் கண்டிப்பான பிரிவு என்று நினைத்து, என் முன்னால் பீடி குடிப்பதை விட்டுவிட்டார். ஒரு நன்மை.

இதை அறிந்தவள் முத்துப்பேச்சி ஒருத்திதான். காய்ச்சலில் கிடந்தபோது எனக்கு உடம்பு துடைத்துவிட்டாள். "ஏத்தா, உள்ள குடியிருந்த ஒருத்தி வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டா போல" என்றாள். இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

இப்போது தெரிகிறதா, அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்று? "அது நான்தான்" என்று சொன்னால், அம்புட்டும் எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். சதை போய்விட்டது. அதன் உறை என்னிடமே இருக்கிறது. கூடம் நிறைய ஆண்கள் உட்கார்ந்திருக்க இதை எப்படிச் சொல்வது?

எனக்கு ஆபரேஷன் வேண்டும். கல்யாணத்துக்காக அல்ல. எட்டு மைலையும் வேட்டித் துணி சுற்றாமல் நடக்க ஆசை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அப்பாவிடம் அம்மா சொல்வாள். நீ தேதி வாங்கு.

நீயும் வேளைக்குச் சாப்பிடு.

இன்பா


அருப்புக்கோட்டை
9-7-1973

கிறிஸ்துவுக்குள் பிரியமுள்ள மகள் ரோஸிக்கு, சித்தப்பா வேதமுத்து வாழ்த்துதலுடன் எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் சுகம். உன் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறோம்.

காரியாபட்டிக் காரியம் இன்னும் முடியவில்லை. நான் சும்மா இருக்கவில்லை, அம்மா. நம் சபை ஐயரவர்களிடம் சொல்லி ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எனக்கு ஒரே பிள்ளைதான் என்று எழுதி வாங்கி அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள், மூத்தவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் எடை போடுகிறவன் என்பதால் 1970-ஆம் வருட எடையையும் இந்த வருட எடையையும் ஒரே சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். இரண்டு பெண்களுக்குத் தனித்தனி எடை இருப்பது இயற்கைதானே என்கிறார்.

இதற்குள் ஊரில் பேச்சு பரவிவிட்டது. நேற்று பஜாரில் மிளகாய்க் கடை சௌந்தரபாண்டியன் என்னைத் தனியாக அழைத்து, மூத்த மகளுக்குப் பொருத்தமாகச் சாத்தூரில் ஒரு வரன் இருக்கிறது, குறை ஏதும் இருந்தாலும் பார்க்கமாட்டார்கள் என்றார். நல்ல இடம். எனக்கே ஒரு நிமிடம் மனம் சபலப்பட்டுவிட்டது.

ஆகையால் உன்னிடம் ஒரு வேண்டுகோள். இன்பாவின் ஆபரேஷனைத் தள்ளிப்போடு. அந்தத் தோல்தான் நம் பக்கம் இருக்கும் ஒரே சாட்சி. காரியாபட்டி அம்மாள் தன் கண்ணால் பார்க்கட்டும். சாட்சியை வெட்டி எறிந்துவிட்டு வழக்கை எப்படி நடத்துவது?

இன்னொரு விஷயம். நம் வீட்டுப் பிளாஸ்டிக் வாளி வெயிலில் வைத்து வெடித்துவிட்டது. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி டாக்டரிடம் எடுத்துச் சொல்லவும்.

ஆசீர்வாதங்களுடன்,
வேதமுத்து


மெட்ராஸ்
18-7-1973

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

நான் நலம். சித்தி நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

உடம்பில் பிளாஸ்டிக் எதையும் வைப்பதில்லை, சித்தப்பா. அவளுடைய தோலையே வெட்டி அவளுக்கே தைப்பார்கள். வாளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செப்டம்பர் இருபது, வியாழக்கிழமை என்று தேதி கிடைத்திருக்கிறது. அதை விட்டால் அடுத்த வருடம்தான் என்கிறார் டாக்டர். தள்ளிப்போட என்னால் முடியும், ஆனால் போடமாட்டேன். சாட்சியை யாரிடம் காட்டுவது என்று சாட்சியிடமே ஒருமுறை கேளுங்கள்.

உங்கள் மகள்,
ரோஸி


திருச்சுழி
12-8-1973

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மழை இல்லை. கண்மாயில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். புண் இந்த மாதம் இடது பக்கம். நீ அனுப்பிய பவுடர் வந்தது. உன் கால் எப்படி?

அம்மா எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். செப்டம்பர் எட்டு, சனிக்கிழமை, காரியாபட்டி அம்மாள் மறுபடியும் வருகிறார். நம் வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவரும் நானும் மட்டும், பத்து நிமிடம். அவர் பார்த்துவிட்டு வெளியே வந்து சொல்ல வேண்டியது. ஒத்துக்கொண்டால் ஆபரேஷனுக்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போடுகிறார். தாலி கட்டிய பிறகு ஆபரேஷனை யார் நினைக்கப் போகிறார்கள்?

அம்மா கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நான் சொல்லாததையெல்லாம் இந்த வீட்டில் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்கிறார்கள்.

கிளை நூலகத்தில் இருந்த கதைப் புத்தகங்களில் பாதிக்கு மேல் வாசித்துவிட்டேன். தான் இன்னார்தான் என்று நிரூபிக்கக் கதைகளில் மோதிரம் காட்டுகிறார்கள், மச்சம் காட்டுகிறார்கள், தொட்டில் துணியைக் காட்டுகிறார்கள். காலி வயிற்றுத் தோலைக் காட்டியவள் ஒருத்தியும் இல்லை. இருந்திருந்தால் அவள் என்ன செய்தாள் என்று பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பேன்.

பெரியம்மாவுக்கு என் அன்பு.

இன்பா


மெட்ராஸ்
20-8-1973

இன்பா,

நலம், நலமே விழைகிறேன். இரண்டு கேள்விகள் மட்டும்.

அந்த அறையில் நீ என்ன செய்யப் போகிறாய்?

மூன்று கடிதத்தில் போட்டோ, தராசு, உபதேசியார், பவுடர் எல்லாம் வந்துவிட்டது. தாவீதுராஜ் அன்று வாயே திறக்கவில்லையா?

ரோஸி


அருப்புக்கோட்டை
9-9-1973

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம். அப்பாவுக்குத் தொண்டை மட்டும் கட்டிவிட்டது, காரணம் கடைசியில்.

உன் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். வாய் திறந்தார். மே மாதம் அந்தக் கலவரத்தில் அவர் போட்டோவைக் கையில் வாங்கி, என்னை ஒரே தடவை பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே காதும்மா" என்றார். "மாடு பாக்குற புத்தியப் பொண்ணு பாக்குற எடத்துல காட்டாத" என்று அவர் அம்மா அடக்கிவிட்டார். காதை வைத்து என்னை அடையாளம் கண்டவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதவில்லை.

இனி நேற்று நடந்தது. கூடத்தில் அப்பா, உபதேசியார், தாவீதுராஜ் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அந்த அம்மாளும் உள்ளறைக்குப் போனோம். கதவைச் சாத்தினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் நின்றேன். காட்டமாட்டேன் என்று சொல்லத் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"பாத்தாத்தான் நம்புவீகன்னா, நம்ப வேண்டாம்" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். கையைக் காட்டி என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். "மெதுவாப் பேசு. நான் ஒன்னும் பாக்க வரல" என்றார். "தாவீது காதுன்னு சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும், நீதான்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஏன் நான்கு மாதமாக மூத்த மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்?

"வேற எப்படி ஒன்னையத் தனியாப் புடிக்கிறது? எப்ப வந்தாலும் உங்கம்மாவும் உபதேசியாரும் கூடவே நிப்பாக. அவுக முன்னால இதக் கேக்க முடியுமா?" இன்னும் குரலைத் தாழ்த்தினார். "எப்படித் தாயி கொறச்ச?"

நடையைச் சொன்னேன். களியைச் சொன்னேன். எத்தனை மைல், எத்தனை உருண்டை, களிக்கு என்ன தொட்டுக்கொள்வது, எல்லாம் கேட்டார். தான் மாடிப்படி ஏற முடியாமல் கோவில் பாட்டுக் குழுவை விட்டது, பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வருவது, எல்லாம் சொன்னார். என் போட்டோவைப் பார்த்ததும், இனி வேறு பெண்களின் படம் எதுவும் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். அதற்கும் காரணம் இருந்தது. "என்னைப் போல ஒருத்தி மருமகளா வந்துட்டா, யாரும் என்னையத் தனியாப் பாக்க மாட்டாகன்னு நெனச்சேன். வந்து பாத்தா நீ இப்படி நிக்கிற. எனக்கு ஆத்திரம் வருமா வராதா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு, "கொறஞ்சா எல்லாருக்கும் தொங்குமா?" என்று கேட்டார்.

ரவிக்கைக் கையின் கொக்கியை நானே அவிழ்த்து, தோள்வரை மேலே ஏற்றினேன். யாரும் கேட்காமல் காட்டினேன், அக்கா. அவர் நெடுநேரம் பார்த்தார். விரலால் லேசாகத் தூக்கி விட்டுப் பார்த்தார். "ஆத்தி, ரெண்டு கையிலயும் சேத்தா ஒரு ரவிக்கை தைக்கலாம் போலருக்கே" என்றார்.

அவர் சிரித்த சூட்டிலேயே சொல்லிவிட்டேன். "இருபதாம் தேதி மெட்ராஸ்ல ஆபரேஷன். அதுக்கு அப்புறந்தான் கல்யாணப் பேச்சு. எங்கப்பா முன்னால வைக்கணும்பாக. நீங்க ஒத்துக்கக் கூடாது."

அவர் யோசித்தார். சம்மதிக்க ஒரு நிபந்தனை போட்டார். "போயிட்டு வா. வந்து வலிச்சுச்சா இல்லையான்னு எனக்கு நெசத்தச் சொல்லணும். டாக்டருக சொல்றத நான் நம்ப மாட்டேன்."

வெளியே வந்து, "பாத்துட்டேன், இவதான் அவ" என்று கூடத்தில் தீர்ப்புச் சொன்னார். அப்பா எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்ன சத்தத்தில்தான் தொண்டை கட்டியது. கல்யாணம் தை மாதம் என்று அந்த அம்மாளே முடிவு சொல்லிவிட்டார். செப்டம்பரில் வைக்கலாமே என்று அப்பா முனகினார். தனக்கு மூட்டு வலி என்றார் அவர்.

அறைக்குள் பேசியதை உன்னைத் தவிர யாருக்கும் சொல்லமாட்டேன். நீயும் விடுதியில் வாசிக்காதே.

இன்பா


மெட்ராஸ்
13-9-1973

இன்பாவுக்கு,

இங்கே சுகம். அவசரமாக இந்தக் கார்டு. பதினேழாம் தேதி மதுரையில் ரயில் ஏறினால் பதினெட்டு காலையில் நான் எழும்பூரில் நிற்பேன். தளர்வான பருத்திச் சேலைகள் நான்கு கொண்டுவா. முழுக்கை ரவிக்கை வேண்டாம். நான்கு வருடமாயிற்று, உன்னைக் கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கவலையில்லை. காதைப் பார்த்துக்கொள்கிறேன்.

ரோஸி


அருப்புக்கோட்டை
28-10-1973

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் படுத்தே வந்தேன். இப்போது நிமிர்ந்து நடக்கிறேன். தையல் போட்ட இடத்தில் அரிப்பு மட்டும்தான். நீ செய்ததற்கெல்லாம் நன்றி எழுதினால் திட்டுவாய்.

அப்பா முதலில் கேட்டது, எடுத்த தோல் எத்தனை கிலோ என்று. மூன்று கிலோ நூறு கிராம் என்றேன். சீட்டு ஏதும் தந்தார்களா என்று கேட்டார். கைகளை அடுத்த தடவை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.

காரியாபட்டி அம்மாள் வந்திருந்தார், ஆரஞ்சுப் பழத்துடன். அம்மா காபி போடப் போன நேரத்தில், "வலிச்சுச்சா?" என்றார். சொன்னபடி உண்மையைச் சொன்னேன். முதல் நான்கு நாள் இருமினால் உயிர் போகிறது, பத்து நாள் கூனிக்கொண்டுதான் நடக்க முடியும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எனக்கு வேண்டாம். நடை மட்டும் போதும்" என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன். வேட்டித் துணியைக் கரித்துணியாக்கிவிட்டாள் அம்மா.

இன்பா


காரியாபட்டி
21-11-1974

அன்புள்ள ரோஸி அக்காவுக்கு,

நானும் அவரும் நலம். கல்யாணத்துக்கு வந்தபோது பார்த்ததைவிட இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை. பெரியம்மா சௌக்கியமா?

அத்தை இந்த வருடம் முழுவதும் நடந்தார். அக்கம்பக்கத்தில் யாரிடமும் நடைக்குப் போவதாகச் சொன்னதில்லை. விடிந்ததும், காணாமல் போன கோழியைத் தேடப் போவதாகச் சொல்லிக்கொண்டு மதுரை ரோட்டில் மூன்று மைல். எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. தை மாதம் தொண்ணூற்று மூன்று, இப்போது எழுபது. போன மாதத்திலிருந்து முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை எழுந்து பார்த்தால் ஆள் இல்லை. மதுரை பஸ்ஸில் பையுடன் ஏறியதைப் பால்ச்சாமி கடையில் பார்த்திருக்கிறார்கள். போன வருடம் மே மாதம் நீ எழுதிய கடிதம் என் பெட்டியிலிருந்து போயிருக்கிறது, உன் விலாசம் உள்ளது. இவர் பதறித் தந்தி கொடுக்கக் கிளம்பினார். கடிதமே போதும் என்றேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இன்பா


மெட்ராஸ்
26-11-1974

அன்பு இன்பாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. உன் அத்தை வெள்ளிக்கிழமை காலையிலேயே விடுதி வாசலில் வந்து நின்றார். என் கட்டிலில் மூன்று நாள் படுத்தார், நான் தரையில். ஊரில் ஒரு சரஸ்வதி டீச்சருக்காக விசாரிக்க வந்ததாகத்தான் முதலில் சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டு ஜனவரி ஒன்பது, வியாழக்கிழமை என்று தேதி கொடுத்தார். நேற்று மாலை ரயில் ஏற்றிவிட்டேன்.

ரோஸி